வானிலிருந்து விழுந்த கல்: வருணனையும் தீர்ப்பும்

இப்னு ஸீனா (இறப்பு ஹிஜ்ரி 428 / கி.பி. 1037) தமது 'அஷ்ஷிஃபா' என்னும் பெருநூலில், கற்களும் கனிமங்களும் தோன்றும் விதத்தை ஆராயும் பகுதியில், தம் காலத்து நிகழ்ச்சி ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். இன்றைய வட ஆப்கானிஸ்தானில் உள்ள ஜூஸ்ஜான் பகுதியில் வானிலிருந்து இரும்புத் திரள் ஒன்று விழுந்தது. ஏறத்தாழ 150 மன்னு எடையிருக்கலாம் என்கிறார். அது தரையைத் துளைத்தது. சுவரில் எறிந்த பந்து துள்ளுவதுபோல் ஓரிரு முறை துள்ளியது. பின்னர் மண்ணில் புதைந்தது. அச்சமூட்டும் பேரொலியை மக்கள் கேட்டனர். கஸ்னியின் சுல்தான் மஹ்மூத் அதனைத் தம்மிடம் அனுப்புமாறு பணித்தார். எடை மிகுந்திருந்ததால் முழுவதையும் கொண்டு செல்ல இயலவில்லை. உடைக்க முற்பட்டபோது கருவிகள் சிதைந்தன. பெருமுயற்சிக்குப் பின் சிறு துண்டு ஒன்றைப் பெயர்த்து அனுப்பினர். அதிலிருந்து வாள் வடிக்க விரும்பிய சுல்தானின் எண்ணம் நிறைவேறவில்லை. அந்தத் திரள் முழுவதும் தினை போன்ற சிறுசிறு உருண்டை மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிய நிலையில் இருந்ததாகச் சொல்லப்பட்டது.

இச்செய்தியை யாரிடமிருந்து பெற்றார் என்பதையும் இப்னு ஸீனா மறைக்கவில்லை. தம் தோழரும் மாணவருமான ஃபகீஹ் அபூ உபைத் அல்ஜூஸ்ஜானி இதனை நேரில் கண்டவர் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். ஹதீஸ் கலையில் பழகிய கண்களுக்கு இந்த இஸ்னாத் உடனே தென்படும். அதைவிட முக்கியமான ஒன்றும் இதில் உண்டு. கருவியை முறிக்கும் இரும்பு என்பதும், உருண்டை மணிகளின் தொகுப்பு என்பதும் எளிதில் பொருந்தாத இரு தகவல்கள். அவர் ஒன்றை ஏற்று மற்றதை விலக்கவில்லை. இரண்டையும் கிடைத்தபடியே எழுதி வைத்தார்.

இதன் அருமையைப் பின்வந்த காலமே உணர்த்தியது. வானிலிருந்து விழும் கற்களுள் மிகப் பெரும்பாலானவை தம்முள் சின்னஞ்சிறு உருண்டை மணிகளைக் கொண்டவை. கிரேக்க மொழியில் 'மணி' எனப் பொருள்படும் சொல்லிலிருந்து அம்மணிகளுக்குக் காண்ட்ரூல் என்னும் பெயரும், அவற்றைக் கொண்ட கற்களுக்குக் காண்ட்ரைட் என்னும் பெயரும் வந்தன. ஜெர்மானிய அறிஞர் குஸ்தாவ் ரோஸ் 1864இல் இப்பெயரை வழங்கினார். அதற்கு 7 ஆண்டுகள் முன்னர், 1857 பிப்ரவரி 28 அன்று, நம் மதுரைக்கு அருகே விழுந்த கல்லும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. 'பார்னல்லி' என்று பதிவேடுகளில் வழங்கும் அக்கல்லின் பெரும்பகுதி இன்று இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் அறுத்த முகத்தில் மணிகள் வெறுங்கண்ணுக்கே தெரியும். ஜூஸ்ஜான் திரள் இவ்வினத்தது என்று நான் சொல்ல வரவில்லை. அவ்வாறு சொல்ல அதன் துண்டு ஒன்றுகூட நம் கையில் இல்லை. ஆயினும் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் அதைப் பற்றிச் சிந்திக்க முடிகிறதெனில், அதற்குக் காரணம் அந்த ஒரு வரி வருணனை.

இதனோடு முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் குறிப்பை ஒப்பிடலாம். ஹிஜ்ரி 1030இல் (கி.பி. 1621 ஏப்ரல்) ஜலந்தர் பகுதிக் கிராமம் ஒன்றில் பேரொலியோடு இரும்பு விழுந்த செய்தியைத் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். தோண்டத் தோண்டச் சூடு மிகுந்ததாம். கிடைத்த இரும்பு உலையிலிருந்து எடுத்ததுபோல் கனன்றதாம். அவர் முன்னிலையில் நிறுத்தபோது 160 தோலா, அதாவது ஏறத்தாழ 2 கிலோ இருந்தது. உஸ்தாத் தாவூத் என்னும் கொல்லர், சுத்தியலடி தாங்காமல் அது சிதறுவதைக் கண்டு, மூன்று பங்கு வானிரும்புடன் ஒரு பங்கு சாதாரண இரும்பைக் கலந்து வாள்களும் குத்துவாளும் கத்தியும் செய்தார். அக்கத்தி இன்று வாஷிங்டன் ஃப்ரீர் கலைக்கூடத்தில் இருக்கிறது. நாள், இடம், எடை, கொல்லர் பெயர், கலவை விகிதம் என அனைத்தையும் பேரரசர் எழுதினார். அந்த இரும்பின் மேற்பரப்பு எவ்வாறிருந்தது என்பது பற்றி மட்டும் ஒரு சொல்லும் இல்லை. முகமோ சுத்தியலின் கீழ் அழிந்துவிட்டது. உலைச் சூடு பற்றிய கூற்றையும் இன்று நாம் தயக்கத்துடனேயே ஏற்க வேண்டியுள்ளது. காரணத்தைப் பின்னர் காண்போம்.

நான் செய்த பிழை

அரபுக் கல்லூரி ஆசிரியனுக்குக் கற்களோடு என்ன உறவு என்று வாசகர் வினவலாம். வினா நியாயமானதே. சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் ஓதிய பழைய மாணவர் ஒருவர் அஸர் தொழுகைக்குப் பின் என்னைக் காண வந்தார். ஓமனின் உட்பகுதியில் நெடுங்காலம் லாரி ஓட்டியவர். துணியில் சுற்றிய கருங்கல் ஒன்றை என் முன் வைத்து, "ஹஸ்ரத், இது வானத்துக் கல்தானே?" என்று கேட்டார். அறுபது ரியால் கொடுத்து ஒருவரிடம் வாங்கியிருந்தார். நல்ல விலைக்குப் போனால் மகளின் திருமணத்துக்கு உதவும் என்பது அவர் எண்ணம்.

கல் கறுப்பாயிருந்தது, கனத்தது, காந்தம் இழுத்தது, மேலெல்லாம் விரல் அழுத்தியதுபோல் குழிகள். எங்கோ படித்த நினைவில், 'விண்கல்தான்' என்று சொல்லிவிட்டேன். அத்தோடு நில்லாமல், மறுநாள் மாணவர்களுக்குக் காட்டி, சூரத்துல் ஹதீதில் வரும் 'அன்ஸல்னா' என்னும் சொல்லுக்கு விரிவுரையாளர்கள் கூறும் பொருள்களையும் விளக்கினேன்.

இரண்டு மாதங்கள் கழித்து, நிலவியல் பேராசிரியர் ஒருவரிடம் அதைக் கொண்டு சென்றோம். அவர் கல்லைக் கையில் வாங்கவே இல்லை. என்னிடம் ஒரு தாளைத் தந்து, "கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். அது உருவானபோது நீங்கள் அருகில் இருந்தால்தான் சொல்லக்கூடிய சொல் எதுவும் வரக்கூடாது" என்றார். நான் 'கருகியது', 'தீயில் உருகியது' என்று எழுதினேன். அவர் இரண்டையும் அடித்தார். 'கறுப்பு, மங்கல் நிறம், ஓரிடத்தில் கண்ணாடிப் பளபளப்பு' என்று மாற்றி எழுதினேன். ஒப்புக்கொண்டார். 'குழிகள்' என்றதற்கு, அவற்றின் விளிம்பு கூர்மையா மழுங்கலா, ஆழம் எவ்வளவு, குழிக்குள் குழி உண்டா எனக் கேட்டார். எழுத எழுத எனக்கே ஐயம் பிறந்தது. பின்னர் ஒரு முனையை அறுத்தார். உள்ளே தேன்கூடு போல் காற்றுக் குமிழிகள். இரும்பு உருக்கிய இடத்திலிருந்து வந்த கிட்டம் அது.

மாணவர் வருந்தியது அந்த அறுபது ரியாலுக்காக அன்று. "ஹஸ்ரத் சொன்ன தைரியத்தில், அங்கிருக்கும் நண்பனிடம் சொல்லி நூற்றைம்பது ரியாலுக்கு இன்னொன்று வாங்கச் சொல்லிவிட்டேனே" என்றார். எனக்குத் தலை குனிந்தது. ஒரு பொருளைப் பற்றிய ஹுக்மு, அதைப் பற்றிய தெளிவான தஸவ்வுரிலிருந்து கிளைக்க வேண்டும் என்பதை உஸூல் பாடத்தில் ஆண்டுதோறும் கற்பிப்பவன் நான். ஹதீஸ் கலையில் 'முத்ரஜ்' என ஒரு வகை உண்டு. அறிவிப்பாளர் தம் விளக்கத்தையும் மூல வாசகத்தோடு கலந்துவிடுவதால் உண்டாவது. 'கருகியது' என்று நான் எழுதியது அப்பட்டமான இத்ராஜ். அதன் பின்னர் இத்துறை நூல்களைத் தேடிப் படித்தேன். இக்கட்டுரை அப்படிப்பில் விளைந்தது.

மேற்பரப்பு சொல்லும் செய்தி

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். அரபியில் வானில் கீற்றாக ஓடும் ஒளி 'ஷிஹாப்'. தரைக்கு வந்து சேர்ந்த பொருள் இன்றைய வழக்கில் 'நய்ஸக்'. குறுவேல் எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லின் அரபு வடிவம் அது. தமிழிலும் 'எரிமீன்' என்பதை ஒளிக்கும், 'விண்கல்' என்பதைத் தரையில் கிடைத்த பொருளுக்கும் வைத்துக்கொள்வது நலம். நாளேடுகள் இரண்டையும் குழப்பி எழுதுவதால், வானில் ஒளி கண்ட மறுநாள் கையில் கிடைக்கும் கல்லெல்லாம் விண்கல்லாகிவிடுகிறது.

விண்ணிலிருந்து வரும் பொருள் நொடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில் வளிமண்டலத்துக்குள் நுழைகிறது. முன்னால் உள்ள காற்று நெருக்குண்டு கடுமையாக வெப்பமடைகிறது. பொருளின் மேற்பரப்பு உருகி, உருகியது உடனுக்குடன் பின்னோக்கி அடித்துச் செல்லப்படுகிறது. இது சில நொடிகளே நீடிக்கும். பின்னர் வேகம் தணிந்து ஒளி அவிந்து, கல் சாதாரணமாக விழத் தொடங்குகிறது. கடைசியாக உருகிய மெல்லிய படலம் அப்போது இறுகித் தோலாகிறது. இதனை 'உருகு தோல்' எனலாம். கற்களில் இதன் கனம் பெரும்பாலும் 1 மில்லிமீட்டரை எட்டாது. கல் வெப்பத்தை மெதுவாகவே கடத்துமாதலால், தோலுக்குச் சற்றுக் கீழே விண்வெளிக் குளிர் அப்படியே இருக்கும். விழுந்த உடனே எடுத்த கற்கள் கைபொறுக்கும் சூட்டிலோ குளிர்ந்தோ இருந்ததாகப் பல பதிவுகள் உண்டு. இரும்பு கல்லைவிட விரைந்து வெப்பம் கடத்தும் என்றாலும், ஜஹாங்கீர் எழுதிய உலைச் சூட்டை நாம் ஐயுறுவதற்குக் காரணம் இதுவே. வானத்திலிருந்து நெருப்பாய் வந்தது சுடத்தானே செய்யும் என்று கண்டவரோ சொன்னவரோ கருதியிருக்கலாம். அங்கும் ஓர் இத்ராஜ் நுழைந்திருக்கக்கூடும்.

உருகு தோல் என்ற பெயரும் ஒரு தீர்ப்பையே தாங்கியிருப்பதை வாசகர் கவனித்திருப்பார். எனவே கள ஏட்டில் முதலில் எழுத வேண்டியது, 'உட்பகுதியினின்று நிறத்தில் வேறுபட்ட கறுப்புப் படலம், கனம் இவ்வளவு' என்பதாகவே இருக்க வேண்டும். உடைந்த விளிம்பில் பார்த்தால், உள்ளே வெளிர் சாம்பல் நிறக் கல்லும், அதன்மேல் கறுப்புக் கோடு போட்டதுபோல் தோலும், இரண்டுக்குமிடையே தெளிவான எல்லையும் தெரிய வேண்டும். புதிதாக விழுந்த காண்ட்ரைட்டின் தோல் பெரும்பாலும் பளபளப்பற்ற கறுப்பு. சில இனங்களில் மெருகிட்டதுபோல் மின்னும். 2011 ஜூலை 18 அன்று மொராக்கோவின் திஸ்ஸின்த் ஊரருகே விழுந்த செவ்வாய்க்கோள் கற்களின் தோல் அத்தகையது. தோலில் வலைபோல் நுண்வெடிப்புகள் இருக்கலாம். உருகியது ஓடிய தடங்கள் மயிரிழைக் கோடுகளாக இறுகியிருக்கலாம். பறக்கும்போதே உடைந்த கல்லில், ஒரு முகத்தில் தடித்த தோலும், பின்னர் வெளிப்பட்ட மறுமுகத்தில் மெலிந்த இரண்டாம் தோலும் காணப்படும். எந்த முகத்தில் எது என்று எழுதி வைத்தால், கல் எப்போது உடைந்தது என்பதைப் பின்னர் வருபவர் அறிந்துகொள்வார்.

விழும்போது புரளாமல் ஒரே முகத்தை முன்னிறுத்தி வந்த கல் கூம்பாகவோ கேடயமாகவோ செதுக்கப்பட்டிருக்கும். கோடுகள் முன்நுனியிலிருந்து ஆரமாக விரியும். உருகியது விளிம்பைக் கடந்து பின்புறம் மடிந்து, உதடுபோல் இறுகியிருக்கும். இத்தகைய கற்கள் அரியவை. அவற்றின் பின்புறம் பலவேளை சொரசொரப்பாயிருப்பதால், அழகில்லை என்று அப்பக்கத்தைப் படம்பிடிக்காமல் விடுவோர் உண்டு. அது பெருந்தவறு.

இனி, என்னை ஏமாற்றிய குழிகள். பிசைந்த மாவில் கட்டைவிரலை அழுத்தியதுபோன்ற ஆழமில்லாத, மழுங்கிய விளிம்புள்ள குழிகள் விண்கற்களில், குறிப்பாக இரும்பு வகையில் உண்டு. ரெக்மாக்ளிப்ட் என்பது அவற்றின் துறைப்பெயர். சுழன்றோடும் வெப்பக் காற்று மேற்பரப்பைச் சமமின்றி அரிப்பதால் அவை உண்டாகின்றன. 1947 பிப்ரவரி 12 அன்று கிழக்கு ரஷ்யாவின் சிக்கோட்டே-அலின் மலைப்பகுதியில் பெய்த இரும்பு மழையில் இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டுகள் கிடைத்தன. வியப்பு என்னவெனில், அதே வீழ்ச்சியில் கிடைத்த வேறு பல துண்டுகளில் இக்குழிகளே இல்லை. தரையில் மோதிக் கிழிந்த தகடுபோல், கூர்விளிம்புகளோடு முறுக்குண்டு கிடந்தன. முன்னவை காற்றில் தனித்தனியே பறந்து செதுக்கப்பட்டவை. பின்னவை மோதலில் சிதறியவை. ஒரே இரும்பு, ஒரே நாள், இருவேறு முகங்கள். குழி இல்லையென்பதால் விண்கல் இல்லையென்றோ, குழி உண்டென்பதால் விண்கல் என்றோ சொல்வதற்கில்லை.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 1902இல் அறியப்பட்டு, இப்போது நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ள வில்லமெட் இரும்பு 15 டன்னுக்கு மேற்பட்டது. அதன் ஒரு பக்கத்தில் ஆள் ஒடுங்கி அமரக்கூடிய குடைவுகள் உள்ளன. காண்போர் எல்லாரும் வானத்துத் தீயின் வேலை என்றே எண்ணுவர். உண்மையில் அவை தரையில் நெடுங்காலம் கிடந்தபோது உண்டானவை. இரும்பிலுள்ள கந்தகச் சேர்மம் மழைநீருடன் கூடி அமிலமாகி உள்ளிருந்தே அரித்துவிட்டது. பாலைநிலங்களிலோ மணற்காற்று சாதாரணக் கற்களிலும் இதுபோன்ற பள்ளங்களைத் தோண்டுகிறது. கிட்டத்திலும் எரிமலைக் கல்லிலும் உள்ளவை வாயு வெளியேறிய குமிழித் துளைகள். அவை கூர்விளிம்புடையவை, உள்ளேயும் தொடர்பவை. விண்கல்லின் உட்பகுதியில் இத்தகைய குமிழிகள் மிக அரிது. 'குழி' என்ற ஒரே சொல்லால் இந்நான்கையும் குறித்தால் யாருக்கும் பயனில்லை.

தோல் பற்றியும் இதே குழப்பம் உண்டு. பாலைக் கற்களின்மீது காலப்போக்கில் மாங்கனீசும் இரும்பும் கலந்த கருமெருகு படிகிறது. அது மிக மெல்லியது. அதைத் தோல் என்று கருதி விற்போரும் வாங்குவோரும் ஏராளம். இதற்கு எளிய சோதனை, கல் கிடந்த இடத்தில் அக்கம்பக்கத்துக் கற்களைப் பார்ப்பது. எல்லாமே கறுத்திருந்தால் அது அந்நிலத்தின் மெருகு. இதனாலேயே, கடையில் வாங்கிய கல்லைவிடக் கிடந்த இடத்தோடு படம்பிடித்த கல் பன்மடங்கு மதிப்புடையது. இஸ்னாத் அறுந்த செய்தி எத்துணை அழகாயிருந்தாலும் முஹத்திஸ் தயங்குவார் அல்லவா?

இரும்பு விண்கற்களை அறுத்து, மெருகிட்டு, அமிலமிட்டால் தோன்றும் குறுக்குமறுக்கான பட்டைக் கோலம் பலரும் படத்தில் கண்டிருக்கக்கூடியது. அது உட்கட்டமைப்பு, மேற்பரப்பின் பண்பு அன்று. இங்கு அதனை விரிக்கவில்லை.

வபாரில் நடந்தது

தவறான பெயர் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு அரபுப் பாலை ஒரு சான்று வைத்திருக்கிறது. ருப்உல் காலீ பாலையை 1932இல் கடந்த அப்துல்லாஹ் ஃபில்பி, ஆது சமூகத்தாரின் அழிந்த நகரமான வபாரைத் தேடினார். 'அல்ஹதீதா', அதாவது இரும்புள்ள இடம், என்று வழிகாட்டிகள் அழைத்த இடத்துக்கு அவரைக் கொண்டு சென்றனர். வானத்து நெருப்பால் எரிந்த நகரம் அதுவென்பது அவர்கள் நம்பிக்கை. மணலில் சிதறிக் கிடந்த பளபளக்கும் கருமணிகளை, அந்நகரத்துப் பெண்டிரின் முத்துகள் என்று பொறுக்கினர். ஃபில்பி கண்டதோ நகரம் அன்று, பெரும் பள்ளங்கள். எரிமலை வாய் என்று அவர் கருதினார்.

இரண்டு பெயர்களுமே பிழை. ஆனால் ஃபில்பி ஒன்றைச் சரியாகச் செய்தார். பள்ளங்களை அளந்தார், கறுப்புக் கண்ணாடி, வெண்ணிறக் கல், துருவேறிய இரும்புத் துண்டு ஆகியவற்றை இலண்டனுக்குக் கொண்டு சென்றார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் கனிமவியலாளர் ஸ்பென்சர் அவற்றை ஆராய்ந்து, வானிரும்பு மோதி உண்டான பள்ளங்கள் இவை என்று முடிவு கூறினார். 'முத்துகள்' மோதலின் வெப்பத்தில் உருகித் தெறித்த பாலை மணல். அதனுள் நுண்ணிய வானிரும்புத் துளிகள் கலந்திருந்தன. பெரிய பள்ளத்தின் விட்டம் 116 மீட்டர். 1960களில் அங்கிருந்து மீட்கப்பட்ட 2 டன் எடையுள்ள இரும்புத் திரள் ரியாத் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டது. பள்ளங்களை மணல் பெருமளவு மூடிவிட்டது. பிற்கால ஆய்வில், மோதலால் பாதிக்கப்பட்ட மணலின் வெப்ப ஒளிர்வை அளந்தபோது, நிகழ்ச்சியின் வயது ஏறத்தாழ 300 ஆண்டுகளே எனத் தெரியவந்தது.

நம்மவர் நூல்கள் சிலவற்றில், ஆது சமூகத்தின் அழிவுக்கு இப்பள்ளங்கள் சான்று என்று இன்றும் எழுதப்படுகிறது. நல்லெண்ணத்தில் எழுதப்படுவதே. ஆயினும் 300 ஆண்டுப் பள்ளம் ஆது சமூகத்துக்குச் சான்றாகாது. குர்ஆனின் செய்திக்கு இப்படிப்பட்ட ஊன்றுகோல் தேவையுமில்லை. ஊன்றுகோல் முறியும் நாளில் கேலிக்கு உள்ளாவது நாம்தாம்.

ஹஜருல் அஸ்வத் பற்றியும் இதே எச்சரிக்கை வேண்டும். அது விண்கல் என்று 19ஆம் நூற்றாண்டில் வியன்னாவின் கனிமத் தொகுப்புக் காப்பாளர் பால் பார்ட்ஷ் கருதினார். அவர் அதைக் கண்டவர் அல்லர். பிறர் எழுதிய வருணனைகளை நம்பியவர். 1980இல் எல்ஸ்பெத் தாம்ஸன் என்னும் டேனிஷ் ஆய்வாளர், அது வபார்க் கண்ணாடியாக இருக்கலாம் என்றார். வபாரின் வயது தெரிந்தபின், நபிகளார் (ஸல்) காலத்துக்கும் முற்பட்ட ஒரு கல்லுக்கு அக்கருத்து எவ்வாறும் பொருந்தாது. அகேட் என்போரும் எரிமலைக்கல் என்போரும் உளர். ஆய்வகச் சோதனை எதுவும் நடைபெற்றதில்லை. நூற்றாண்டுகளாகக் கைகளும் இதழ்களும் பட்டுத் தேய்ந்த மேற்பரப்பில் மூலப் பண்புகளைக் கண்ணால் படிக்கவும் இயலாது. அக்கல்லை முத்தமிட்டு உமர் (ரலி) கூறியதை வாசகர் அறிவர். அதன் கண்ணியம் அது எந்த இனத்துக் கல் என்பதைச் சார்ந்ததன்று. 'அறிவியல் நிரூபித்துவிட்டது' என்று மேடையில் முழங்குவோர், எந்த ஆய்வு என்று ஒருமுறை தம்மையே கேட்டுக்கொள்வது நல்லது.

முறையாகச் சேகரித்தல்

முறையான சேகரிப்புக்கு சூடானில் நடந்ததைச் சொல்ல விரும்புகிறேன். 2008 அக்டோபர் 6 அன்று அமெரிக்காவிலிருந்து தொலைநோக்கியில் கண்ட சிறுகோள் ஒன்று, ஒரு நாள் முடிவதற்குள் நூபியப் பாலைக்கு மேலே வெடித்துச் சிதறியது. விழுமுன்பே விண்வெளியில் கண்டறியப்பட்ட முதல் பொருள் அது. டிசம்பரில் கார்ட்டூம் பல்கலைக்கழகத்தின் முஆவியா ஷத்தாத் தலைமையில், வானியலாளர் பீட்டர் ஜென்னிஸ்கன்ஸும் உடன்வர, மாணவர்களும் பணியாளர்களுமாக 45 பேர் பாலையில் வரிசையாக நின்று நடந்தே தேடினர். பின்வந்த தேடல்களையும் சேர்த்து 600க்கு மேற்பட்ட துண்டுகள் கிடைத்தன. மொத்த எடை 10 கிலோ அளவுதான். அருகிலிருந்த இரயில் நிலையத்தின் பெயரால் அவை 'அல்மஹத்தா ஸித்தா', ஆறாம் நிலையம், எனப்படுகின்றன.

சோதித்தபோது, துண்டுகள் ஓரினத்தவையாக இல்லை. பல வேறு இனங்கள் கலந்திருந்தன. ஒரே சிறுகோளிலிருந்து இது எப்படி? பாலையில் முன்பே கிடந்த பழைய கற்களும் சேர்ந்துவிட்டனவோ என்று ஐயம் எழுந்தது. ஒவ்வொரு துண்டும் எங்கே கிடந்தது, தோல் எவ்வளவு புதியது, துரு உண்டா என்பவை தனித்தனியே குறிக்கப்பட்டிருந்தமையால் அந்த ஐயத்தை எதிர்கொள்ள முடிந்தது. தோல்கள் புத்தம் புதியவை. குறுகிய ஆயுளுடைய கதிரியக்கத் தனிமங்களின் அளவும் அண்மையில் விழுந்தவை என்பதை உறுதி செய்தது. பல உடல்களின் சிதைவுகள் ஒட்டிச் சேர்ந்த சிறுகோள் அது என்னும் முடிவு அதன் பிறகே நிலைபெற்றது. எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு 'சூடான் விண்கல்' என்று எழுதியிருந்தால் அம்முடிவு கிட்டியிராது.

இதற்கு மாறானது நம் மாநிலத்தில் 2016 பிப்ரவரி 6 அன்று நடந்தது. அப்போதைய வேலூர் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் வெடிப்பு நிகழ்ந்து ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். விண்கல் விழுந்து இறந்தார் என்று ஓரிரு நாள்களில் அரசே அறிவித்தது, உலகெங்கும் செய்தியாயிற்று. படங்களைக் கண்ட நாசா அறிஞர்கள், தரையில் நடந்த வெடிப்பையே அவை ஒத்திருப்பதாகக் கூறினர். ஒரு குடும்பத்தின் துயரத்துக்குக் காரணம் என்ன என்னும் வினாவே அந்தப் பெயரின் அடியில் மறைந்துபோயிற்று.

கல் ஒன்று கண்ணில் பட்டால் எடுக்குமுன் படம்பிடிக்க வேண்டும். அருகில் அளவுகோலோ நாணயமோ இருக்கட்டும். எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் மண்ணில் என்று குறிக்க வேண்டும். மண்ணில் பதிந்த பக்கம் வேறு விதமாய்த் துருவேறியிருக்கும். இடக்குறியீட்டைக் கைப்பேசியே தரும். வெறுங்கையால் தொடாமல், கழுவாமல், தூய தாளிலோ அலுமினியத் தாளிலோ பொதிய வேண்டும். மெருகேற்றுவதும் எண்ணெய் தடவுவதும் தோலுக்குச் செய்யும் கொடுமை.

காந்தம் பற்றி ஒரு சொல். விண்கற்கள் பெரும்பாலும் காந்தத்தால் ஈர்க்கப்படும். கிட்டமும் மேக்னடைட்டும் ஈர்க்கப்படும். ஆகவே அச்சோதனை விலக்கப் பயன்படுமே தவிர உறுதி செய்யப் பயன்படாது. வலிய காந்தத்தை ஒட்டினால், கல் பல கோடி ஆண்டுகளாகக் காத்துவந்த தன் காந்தப் பதிவு அழிந்துவிடுகிறது. சஹாராவில் கிடைத்த செவ்வாய்க்கோள் கல் ஒன்றின் துண்டுகளில், சேகரித்தோரின் காந்தம் இவ்வாறு பதிவை அழித்துவிட்டதை 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. மெருகிடாத பீங்கான் ஓட்டின் பின்புறம் உரசிப் பார்ப்பதே தீங்கற்றது. ஹெமடைட் செம்பழுப்புக் கோடிடும், மேக்னடைட் கருங்கோடிடும், புதிய விண்கல் பெரும்பாலும் கோடிடுவதில்லை.

இந்தியாவில் விழும் விண்கற்களுக்கு அதிகாரபூர்வக் காப்பாளர் இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம். ஐயமுள்ள கல்லை அங்கு அனுப்பலாம். ஓமனிலிருந்து அனுமதியின்றி விண்கல்லை வெளியே கொண்டு வருதல் குற்றம் என்பதை வளைகுடாவில் பணிபுரியும் நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். கண்டெடுத்த விண்கல் யாருக்கு உரியது, அது லுகதாவா, ரிகாஸா, பொதுவில் கிடக்கும் முபாஹான பொருளா என்பது தனியே எழுத வேண்டியது.

அந்த இரண்டாவது கல் இன்னும் ஓமனில்தான் இருக்கிறது. மாணவரின் நண்பர் படங்களை அனுப்பி என் கருத்தைக் கேட்டார். கருத்துச் சொல்லாமல், பதினொரு வினாக்களை எழுதி அனுப்பினேன். பதில் ஒழுங்காக வந்தது: எடை 840 கிராம், நிறம் கறுப்பு, ஒரு பக்கம் மட்டும் செம்பழுப்பு, உடைந்த விளிம்பில் உள்நிறமும் கறுப்பே, தனிப் படலம் தெரியவில்லை, உரசினால் செம்பழுப்புக் கோடு. ஏழாவது வினா, கிடந்த இடத்தில் மற்றக் கற்களின் நிறம் என்ன என்பது. அதற்கு, விற்றவரைக் கேட்டதாகவும் அவர் இடத்தைச் சொல்ல மறுத்துவிட்டதாகவும் எழுதியிருந்தார். செம்பழுப்புக் கோடு ஹெமடைட்டைச் சுட்டுகிறது என்பதை மாணவரிடம் தெரிவித்தேன். அங்கேயே ஓர் ஆய்வகத்தில் காட்டிய பிறகு முடிவு செய்யுமாறும் சொன்னேன். தவறான ஃபத்வாவால் ஒருவருக்கு நேரும் பொருளிழப்புக்கு முஃப்தி பொறுப்பாவாரா என்பதில் ஃபகீஹுகளிடையே விவாதம் உண்டு. அதை எடுத்துச் சொல்லி, 150 ரியாலில் பாதியை நான் ஏற்பதாகக் கூறினேன். மாணவர் மறுத்தார். கிட்டக் கல்லை மட்டும் கல்லூரியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அறுத்த முகம் வெளியே தெரியும்படி அது என் மேசைமீது இருக்கிறது.